மாமனாரின் ஸ்டென்ட்டும் கசகசாப் பொட்டலமும்: வெளிநாட்டுப் பயணக் கேள்விகள்

கேள்வி: மே மாத விடுமுறையில் நானும் கணவரும், 12, 6 வயதுப் பிள்ளைகள் இருவரும், மாமனார், மாமியாருமாக ஆறு பேர் பத்து நாள் பயணமாகத் தாய்லாந்துக்கும் சிங்கப்பூருக்கும் போகிறோம். பேக்கேஜிலேயே பயண இன்சூரன்ஸ் இலவசம் என்கிறார் டிராவல் ஏஜென்ட். எங்களிடம் 10 லட்ச ரூபாய்க்குக் குடும்ப மெடிக்ளைம் பாலிசியும் இருக்கிறது. மாமனாருக்கு வயது 68. சர்க்கரை உண்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். தனியாக இன்னொரு பாலிசி வாங்குவது வீண் செலவுதானே?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வீண் செலவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் மெடிக்ளைமில் வெளிநாட்டுச் சிகிச்சையும் அடங்கும் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய, அது இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தரும். அப்படி எழுதியுள்ள பாலிசிகளிலும், இந்தியாவில் கண்டறியப்பட்ட சில பெரிய நோய்களுக்குத் திட்டமிட்டு வெளிநாடு சென்று பெறும் சிகிச்சைக்கே இடம் கொடுப்பவை பல. பயணத்தில் திடீரென்று வரும் நெஞ்சுவலிக்கு அவை உதவா.

ஏஜென்ட் தருவதாகச் சொல்லும் 'இலவச' இன்சூரன்ஸின் விலை பேக்கேஜ் கட்டணத்திலேயே இருக்கிறது என்பதால், அதைக் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முழுத் தொகையையும் கட்டுவதற்கு முன்பே, ஆறு பேரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பயணத் தேதிகளும் உள்ள பாலிசிச் சான்றிதழையும், அதனுடன் சேர்ந்த நிபந்தனைப் பக்கங்களையும் கேளுங்கள். மேலட்டையில் 50,000 டாலர் என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே, 60 வயதைக் கடந்தவர்களுக்கு அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று தனித்தனி உச்சவரம்புகள் இருக்கலாம். மாமனாரையும் மாமியாரையும் பொறுத்தவரை அந்த உள்வரம்புகள்தாம் உண்மையான பாலிசி.

ஸ்டென்ட் விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் 'ஏற்கெனவே நோய் உண்டா' என்ற கேள்விக்கு, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று 'இல்லை' போட்டு அனுப்பிவிடும் ஏஜென்டுகள் உண்டு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிகளின்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெற்ற நோயே முன்பிருந்த நோயாகக் கொள்ளப்படும். நான்கு ஆண்டு ஆகிவிட்டதே, இனிச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தால் அது தவறு: ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொண்டே இருக்கிறார், மருத்துவரையும் பார்க்கிறார், அதுவும் சிகிச்சைதான். அத்துடன் சர்க்கரையும் இருக்கிறது. இரண்டையும் எழுதிக் கொடுத்தால் பிரீமியம் கூடலாம். சில நிறுவனங்கள் மறுக்கவும் செய்யலாம். மறைத்து வாங்கினால், பாங்காக்கில் ஒரு மருத்துவமனை வாசலில் நிற்கும்போதுதான் கையிலிருப்பது பயனற்ற காகிதம் என்று தெரியவரும்.

பெரும்பாலான பயணப் பாலிசிகள் முன்பிருந்த நோயை அறவே விலக்குகின்றன. சில, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் நிலைமை சீராகும் வரை, பணம் தருகின்றன. மூத்தவர்கள் இருவருக்கும் இந்தப் பிரிவு உள்ள பாலிசியைத் தனியாகவும், உங்கள் நால்வருக்கு ஏஜென்ட் தருவதையே வைத்துக்கொண்டும் போவதுதான் என் யோசனை. நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவும், நினைக்கவே கசப்பானதுதான் என்றாலும், உடலைக் கொண்டுவரும் செலவும் அடங்கியுள்ளனவா என்று பாருங்கள். பாலிசியை இந்தியாவை விட்டுப் புறப்படும் முன்பே வாங்கிவிட வேண்டும். விமானம் தாமதமானாலும் கைகொடுக்கும்படி திரும்பும் நாளுக்கு மேல் ஓரிரு நாள் கூட்டியே எடுங்கள்.

அங்கே அவசரம் என்றால் ஆம்புலன்ஸுக்குத் தாய்லாந்தில் 1669, சிங்கப்பூரில் 995. நோயாளி மருத்துவர் கைக்குப் போனவுடன் அடுத்த அழைப்பு பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குப் போக வேண்டும்; அவர்கள் மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் அனுப்பினால்தான் கையிலிருந்து பணம் கட்டாமல் தப்பலாம்.

கேள்வி: மருந்துகளை இங்கிருந்தே கொண்டுபோகலாமா, அங்கே வாங்கிக்கொள்ளலாமா? சமையலுக்கு வீட்டில் அரைத்த பொடிகளும் எடுத்துப் போகிறோம்.

பதில்: வழக்கமான மருந்துகளை இங்கிருந்தே, பயண நாட்களுக்கும் மேல் ஒரு வாரம் கூடுதலாக, கைப்பையில் கொண்டுபோங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. உறைந்துபோனால் கெட்டுவிடும், பெட்டி தொலைந்தாலும் மருந்து போயிற்று. மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு வையுங்கள். மருத்துவர் சீட்டில் மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக்) இருக்கட்டும்; நம் ஊர் பிராண்டுப் பெயர் அங்குள்ள மருந்துக்கடைக்காரருக்குப் புரியாது.

கோடீன் கலந்த இருமல் சிரப், டிராமடால் வலி மாத்திரை, அல்பிரசோலாம் போன்ற தூக்க மாத்திரை ஆகியவை இரு நாடுகளிலும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மாமனாரோ மாமியாரோ இவற்றில் ஏதேனும் எடுத்துக்கொண்டால், சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் முன்அனுமதி வேண்டுமா என்று பார்த்துவிட்டே மூட்டை கட்டுங்கள்.

பொடிகளைப் பற்றி நீங்களே கேட்டது நல்லதாயிற்று. குருமா மசாலாவில் கசகசா சேர்த்து அரைத்திருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அபினிச் செடியின் விதையான அதைச் சிங்கப்பூருக்குள் கொண்டுசெல்லத் தடை உண்டு. பிள்ளைகளின் பையில் சூயிங்கம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அதற்கும் அங்கே தடைதான்.

வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள் குறைந்தது பத்து எடுத்துப் போங்கள். அட்டைப் பெட்டியில் விற்கும் பழச்சுவைப் பானங்கள் அதற்கு ஈடாகா. உலக சுகாதார நிறுவனக் கலவை என்று அச்சிட்ட பொடியை மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தாய்லாந்தின் பூக்கெட் தீவில் ஸ்கூட்டர் வாடகை மலிவு என்கிறார்கள். கணவரிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டிப் பெறும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தேவை. அதிலும் இருசக்கர வாகனப் பிரிவு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கே இருசக்கர லைசென்ஸ் இல்லாதவருக்கு அது கிடைக்காது. உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயண இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். வாடகைக் கடைக்காரர் ஈடாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காமல் வேறு கடை பாருங்கள். குடும்பத்தோடு போகிற உங்களுக்கு டாக்ஸியே ஏற்றது.

கேள்வி: சென்ற ஆண்டுப் பயணத்தில் கட்டிய மருத்துவச் செலவை இன்சூரன்ஸ் நிறுவனம் தர மறுத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இனி என்ன செய்வது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள் என்று கடிதத்தில் பாருங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (குறைதீர் நடுவர்) அலுவலகத்தில் புகார் தரலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் அறிக்கை, அசல் ரசீதுகள், பாஸ்போர்ட்டில் பயண முத்திரை உள்ள பக்கங்களின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். அறிக்கை அந்த நாட்டு மொழியில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பை மருத்துவமனைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.