ஆவண மென்பொருள்: மூன்று விலைமனுக்களில் எதை எடுப்பது?

கேள்வி: கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்பு, குழாய்ப் பொருட்கள் இறக்குமதி செய்கிறோம். வெல்லம்பிட்டியில் களஞ்சியம். மொத்தம் இருபத்தைந்து ஊழியர்கள். 2009 முதலான ஆவணங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. கணக்காய்வாளர் ஒன்றைக் கேட்டால் தேடி எடுக்க அரைநாள் போய்விடுகிறது. ஆவண முகாமைத்துவ மென்பொருள் வாங்க எண்ணி மூன்று விலைமனுக்கள் எடுத்திருக்கிறோம். ஒன்று, ஆளுக்கு மாதம் இவ்வளவு டொலர் என்று கேட்கும் வெளிநாட்டு இணையவழிச் சேவை. இரண்டாவது, எங்கள் அலுவலகத்திலேயே நிறுவித் தரும் உள்ளூர் நிறுவனம். மூன்றாவது, இலவசத் திறந்தமூல மென்பொருளைப் பொருத்தித் தருவதாகச் சொல்லும் என் மருமகன். எதை எடுக்கலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய வசதிப் பட்டியல்களைப் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டேன். மூன்றிலும் எல்லாமே இருக்கின்றன. விற்பனையாளர் காட்டும் மாதிரிகளோ கசங்காத ஆங்கிலத் தாள்கள். அவற்றைக்கூடத் தேடித் தராத மென்பொருளை யாரும் சந்தைக்குக் கொண்டுவர மாட்டார்கள்.

உங்கள் பெட்டிகளிலிருந்து தொல்லை தந்த ஒரு கொள்கலனின் கோவையை முழுதாக எடுங்கள். எல்.சி. என்ற வங்கி நாணயக் கடிதம், பி.எல். என்ற கப்பல் ஏற்றுச்சீட்டு, சுங்கத்துக்குக் கொடுத்த கஸ்டெக் என்ற பிரகடனம், வங்கிக் கடிதம், துறைமுகச் செலவுப் பற்றுச்சீட்டுகள், சிங்களத்தில் வந்த திணைக்களக் கடிதம், வெப்பத்தாளில் அச்சாகிப் பாதி மங்கிய ரசீது என எதையும் விடாதீர்கள். மூவரிடமும் இதே கட்டைக் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். பிறகு விசைப்பலகையை விற்பனையாளரிடமிருந்து வாங்கி, நாளாந்தம் கோவைகளோடு மல்லுக்கட்டும் உங்கள் எழுதுவினைஞரிடம் கொடுங்கள். “இந்தக் கஸ்டெக் எண்ணுக்குரிய எல்.சி. எது? அதற்கு வங்கி எவ்வளவு பிடித்தது?” இதற்கு அவர் யாரையும் கேட்காமல் விடை எடுக்கிறாரா என்பதுதான் பரீட்சை.

இதில் இரண்டு இடங்களில் பெரும்பாலான மென்பொருட்கள் சறுக்கும். முதலாவது மொழி. ஸ்கேன் செய்த தாளிலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் வசதி இருப்பதாக எல்லோரும் சொல்வார்கள். எந்த மொழியில் என்று கேளுங்கள். டெசரக்ட் என்ற இலவச எழுத்துணரிக்கே தமிழும் சிங்களமும் தெரியும். ஆகவே விலையுயர்ந்த மென்பொருள் கையை விரித்தால் காரணம் கேட்பதில் தவறில்லை. கணினியில் தட்டச்சு செய்த பழைய தமிழ்க் கடிதங்களில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்தவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் பதிந்திருக்கும். இன்றைய பொது எழுத்துமுறையான யுனிகோட்டில் ‘களஞ்சியம்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். அந்த வேலை யார் தலையில், என்ன விலைக்கு என்பது விலைமனுவிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது சுட்டி, அதாவது ஆவணத்தைத் தேடி எடுக்க அதோடு பதியும் விவரங்கள். எழுத்துணரியை மட்டும் நம்பினால் கொள்கலன் எண்ணில் ‘O’ என்ற ஆங்கில எழுத்தும் பூச்சியமும் இடம் மாறும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் கஸ்டெக் எண், கொள்கலன் எண், வழங்குநர் பெயர் ஆகியவற்றைத் தனிக் களங்களில் பதிய முடிய வேண்டும். கொள்கலன் எண்ணில் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். கடைசி இலக்கம் மற்றவற்றைக் கொண்டு கணக்கிடப்படுவது. பதியும்போதே அதைச் சரிபார்த்துப் பிழையைக் காட்டுமா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு விழிப்பவர் இறக்குமதியாளருக்கு இதற்குமுன் வேலை செய்திருக்க வாய்ப்பில்லை.

விலைக்கு வருவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மாதச் சந்தாவை டொலரில் ஒப்புக்கொள்ளும்போது அந்த ஆண்டை நினைத்துக் கணக்குப் போடுங்கள். உள்ளூர் நிறுவனத்தின் தொகையில் சேவையகம், மின்காப்பு, வேறிடத்தில் வைக்கும் பிரதி ஆகியவை அடங்குமா என்று பாருங்கள். அந்தப் பிரதியை வெல்லம்பிட்டியில் வைக்காதீர்கள்; 2016 மே வெள்ளத்தை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மருமகனின் மென்பொருளுக்கு விலை இல்லை, அவருடைய நேரத்துக்கு உண்டு. அவர் நாளை கனடா போனால் யார் பார்ப்பது?

வெளியேறும் வழியையும் இன்றே கேளுங்கள். டொக்கியுமென்டம் என்ற பேர்பெற்ற மென்பொருள் 2003இல் ஈ.எம்.சி.யிடமும், 2016இல் அதனோடு சேர்ந்து டெல் நிறுவனத்திடமும், 2017இல் ஓபன்டெக்ஸ்டிடமும் போனது. அல்ஃப்ரெஸ்கோ என்ற இன்னோர் ஆவண மென்பொருளை 2020இல் ஹைலண்ட் வாங்கியது. உரிமையாளர் மாறினால் விலையும் ஆதரவும் மாறலாம். உங்கள் ஆவணங்களைச் சுட்டிகளோடு சேர்த்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கோப்புகள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு வந்து விழுந்தால், அந்தக் குவியல் உங்கள் பெட்டிகளைவிட மோசம்.

யார் எதைப் பார்த்தார், யார் அழித்தார் என்ற பதிவு மூன்றிலும் இருக்கிறது, போதும். ஊழியர்களின் அடையாள அட்டைப் பிரதிகளை மட்டும் தனியே பூட்டிவையுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணத்தை ஏற்றுக்கொண்டாலும், காணி விற்பனை, அற்றோர்னித் தத்துவம் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. ஸ்கேன் செய்தாயிற்று என்று களஞ்சியக் காணியின் உறுதியைக் கழித்துவிடாதீர்கள். ஏனைய தாள்களை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதைக் கணக்காய்வாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

என் சாய்வு உள்ளூர் நிறுவனத்தின் பக்கம், அந்தக் கொள்கலன் பரீட்சையில் அது தேறினால் மட்டும். எதை எடுத்தாலும் 2009ஆம் ஆண்டுப் பெட்டியிலிருந்து தொடங்காதீர்கள். பழையதை ஸ்கேன் செய்யும் கூலி மென்பொருளின் விலையையே தாண்டிவிடக்கூடும். வரும் ஏப்ரல் 1, புதிய வரி ஆண்டின் முதல் நாள். அன்று முதல் வரும் சரக்குகளின் தாள்களை மட்டும் ஏற்றுங்கள். பழைய கோவைகளில் யாராவது கேட்டு வருவதை அன்றன்று ஸ்கேன் செய்தால் போதும்.