அண்ணன், அக்கா ஆன குட்டிகள்: பால்வாடி டீச்சர் பதில்கள்

பாலக்கோடு பக்கம் 26 வருடம் பால்வாடியில் இருந்தவள் நான். வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்துவிட்டதை, அம்மாக்கள் சொல்வதற்கு முன்னாலேயே பிள்ளையின் முகம் சொல்லிவிடும்.

காரிமங்கலம், ஒரு அம்மா: பெரியவனுக்கு இரண்டரை வயது, சின்னவளுக்கு 40 நாள். பால் கொடுக்க உட்கார்ந்தால் போதும், வந்து அவள் காலைக் கிள்ளுகிறான். அடித்தும் பார்த்துவிட்டேன்.

அடிக்காதீர்கள் அம்மா. மற்ற நேரத்திலும் கிள்ளுகிறானா என்று கவனியுங்கள். பெரும்பாலும் இருக்காது. பால் கொடுக்கும்போது உங்களால் எழ முடியாது என்பது அவனுக்குத் தெரியும். ஒரு பழைய டப்பாவில் இரண்டு கரண்டி, நாலைந்து மூடி, ஒரு பொம்மை போட்டு வையுங்கள். பால் கொடுக்கும்போது மட்டும் அதை வெளியே எடுங்கள், முடிந்ததும் பரண் மேல் வைத்துவிடுங்கள். தினமும் வெளியே கிடந்தால் அதற்கு மதிப்பு போய்விடும். கிள்ள வந்தால் கையைப் பிடித்து, "பாப்பாவுக்கு வலிக்கும், விடமாட்டேன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். இருவரையும் தனியாக மட்டும் விட வேண்டாம்.

ஓசூர், ஒரு அப்பா: மனைவி பிரசவத்துக்குப் பென்னாகரத்தில் அம்மா வீட்டுக்குப் போனார். மூன்று வயது மகன் என்னோடும் என் அம்மாவோடும் இருந்தான். மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வந்தால், மகன் அவரிடம் போகவே மாட்டேன் என்கிறான்.

தம்பி, போகும்போது அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்களா? அழுவான் என்று தூங்கும்போது கிளம்புவதுதானே நம் ஊர் வழக்கம். விடிந்து பார்த்தால் அம்மா இல்லை. இப்போது வந்தவர் கையில் வேறொரு குழந்தை. அவன் கோபம் பாப்பா மேல் இல்லை, அம்மா மேல்தான். இழுத்து மடியில் உட்கார வைக்க வேண்டாம். குளிப்பாட்டுவது, களி ஊட்டுவது என்று ஏதாவது ஒரு வேலையைத் தினமும் அம்மா மட்டும் செய்யட்டும். அந்த நேரம் பாப்பா உங்கள் தோளில் இருக்கட்டும். சில வாரம் ஆகலாம்.

அப்புறம், "இனிமே அம்மா உனக்கு இல்லடா" என்று சீண்டும் அக்கம்பக்கத்தாரை நிறுத்துங்கள். என் தங்கை பிறந்தபோது, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று என்னிடமும் சொன்னார்கள். ஒரு மாதம் தவிட்டு மூட்டை பக்கமே நான் போகவில்லை. பெரியவர்களுக்கு அது சிரிப்பு.

அரூர்: பாத்ரூம் பழகிய மகள் மறுபடி உள்ளாடையை நனைக்கிறாள்.

சகஜம்தான், திட்டாமல் மாற்றிவிடுங்கள். எரிச்சல், காய்ச்சல், அளவுக்கு மீறிய தாகம் இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பர்கூர்: பாப்பா பிறக்கும் நேரத்தில் பெரியவளைப் பால்வாடியில் சேர்க்கலாமா?

இரண்டு வயது முடிந்திருந்தால் சேர்க்கலாம். ஆனால் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே சேருங்கள். இல்லையென்றால் கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாம். பாப்பா வந்த வாரமே அனுப்பினால், தன்னைத் துரத்திவிட்டதாகத்தான் நினைப்பாள்.

காவேரிப்பட்டினம், ஒரு பாட்டி: பேரன் மாம்பழச் சாற்றை விரலில் தொட்டுப் பாப்பா வாயில் வைக்கிறான். பாசம்தானே?

பாசம்தான் அக்கா, சந்தேகமே இல்லை. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். அவனுக்கு வேறு வேலை கொடுங்கள்: துணி எடுத்துத் தரட்டும், காலுறை மாட்டட்டும். மாம்பழம் முழுக்க அவனுக்குத்தான், கொட்டையும் சேர்த்து என்று சொல்லிவிடுங்கள்.