ஆம்பூரில் அப்பாவின் அலுவலகக் கணினியை பெங்களூரில் இருந்தபடியே பார்த்து வேலை செய்ய என்ன வழி? விண்டோஸ் 11 ஹோம். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய விண்டோஸ் தரும் ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்ய முடியவில்லை. ஷூ அப்பர் ஏற்றுமதிக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

ஹோம் பதிப்பிலிருந்து வேறொரு கணினிக்குள் போகலாம், ஹோம் கணினிக்குள் அப்படி யாரும் வர முடியாது. அதற்கு ப்ரோ வேண்டும். ஆனால் இதற்காகக் காசு செலவழித்து ப்ரோவுக்கு மாறாதீர்கள். அதில் நீங்கள் உள்ளே நுழைந்ததும் அப்பாவின் திரை பூட்டிக்கொள்ளும், இருவரும் ஒரே பில்லைப் பார்த்துப் பேச முடியாது. இன்னொரு சிக்கல், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அதாவது ஆன்லைன் ஃபைலிங்கில் கையெழுத்திட உதவும் பென்டிரைவ் போன்ற கருவி. அது ஆம்பூர்க் கணினியின் யுஎஸ்பியில் செருகியிருந்தாலும், ரிமோட் டெஸ்க்டாப் உங்கள் கையிலுள்ள கணினியில்தான் டோக்கனைத் தேடும். ஃபைலிங் கடைசி நாளில் இது தெரிந்தால் பாவம்தான்.

கணினி முன்னால் ஆள் இருப்பாரா, மாட்டாரா? அதை வைத்து மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

அப்பா உட்கார்ந்திருக்கும்போது மைக்ரோசாஃப்டின் திரைப் பகிர்வுச் செயலியான க்விக் அசிஸ்ட் போதும். கண்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு உங்களுக்கு மட்டும் இருந்தால் போதும். உங்களுக்கு வரும் குறியீட்டை போனில் சொல்லுங்கள், அவர் 10 நிமிடத்துக்குள் போட வேண்டும். பிறகு நீங்கள் கட்டுப்பாடு கேட்க, அவர் அனுமதிக்க வேண்டும். எதையாவது இன்ஸ்டால் செய்யும்போது உங்கள் பக்கம் திரை கறுத்துவிட்டால் பதறாதீர்கள். அங்கே அனுமதி கேட்கும் பெட்டி வந்திருக்கும், அப்பா ‘யெஸ்’ அழுத்தினால் படம் திரும்பிவிடும்.

ஆள் இல்லாத நேரத்துக்கு கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப். ஹோமிலும் ஓடும், டோக்கனும் வேலை செய்யும். ஒருமுறை ஊருக்குப் போகும்போது அங்கேயே உட்கார்ந்து அமைத்துவிடுங்கள். இதற்கென்றே புதிய கூகுள் கணக்கு ஒன்று தொடங்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். உங்கள் சொந்தக் கணக்கை அந்த குரோமில் ஏற்றினால் சேமித்த பாஸ்வேர்டெல்லாம் அலுவலகக் கணினிக்குப் போய்விடலாம். பின் எண் குறைந்தது 6 இலக்கம். பிறந்த தேதி வேண்டாம்.

இணைப்பு கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் மென்பொருள் காரணமாக இருக்காது, கணினி தூங்கியிருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் போய் ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்குங்கள். மானிட்டர் அணைந்தால் பரவாயில்லை. அடுத்தது கரண்ட். வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் அது எப்போது போகும் என்று யார் சொல்வது? பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் அமைப்பு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். கணினிக்கு யுபிஎஸ் வாங்கியவர்கள் ரௌட்டரை மறந்துவிடுகிறார்கள். மினி யுபிஎஸ் ஒன்று போதும், ரௌட்டர் அடாப்டரில் அச்சடித்திருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அதற்குப் பொருந்த வேண்டும்.

தமிழ் டைப் செய்யும்போது எழுத்து குழம்பினால், உங்கள் கணினியை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு அந்தப் பக்கம் மட்டும் தமிழ்99 விசைப்பலகைக்கு மாற்றுங்கள். விண்டோஸ், ஸ்பேஸ் அழுத்தினால் உங்கள் கணினியே மாறிக்கொண்டிருக்கும்; முழுத்திரையில் வைத்துப் பாருங்கள், அல்லது அங்குள்ள டாஸ்க்பாரில் மவுஸால் மாற்றுங்கள்.

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல் எண்ணான 3389 போர்ட்டை ரௌட்டரில் திறந்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உலகம் முழுக்க அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு.

அப்பாவிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம், திரையைப் பகிருங்கள் என்று போன் வந்தால் வைத்துவிட வேண்டும். இப்படித் திரைப் பகிர்வுச் செயலி வழியாகப் பணம் போவது பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணை மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்துவிட்டே ஊரிலிருந்து கிளம்புங்கள்.