வெளிநாட்டில் ஃபைனான்ஸ் மாஸ்டர்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பி.காம் கடைசி வருடம் படிக்கிறேன். லண்டனில் ஒரு வருட எம்.எஸ்சி ஃபைனான்ஸ், அமெரிக்காவில் ஒன்றரை வருட எம்.எஸ் ஃபைனான்ஸ், இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. முதலீட்டு வங்கியில் சேர ஆசை. தரவரிசையில் லண்டன் கல்லூரிதான் மேலே இருக்கிறது. அதையே எடுத்துவிடலாமா?
– மாணவி, கோவை

பதில்: தரவரிசையை மூடி வைத்துவிட்டுக் காலண்டரை எடுங்கள். லண்டனின் பெரிய வங்கிகள் அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப்புக்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும். பல வங்கிகள் கடைசித் தேதிவரை காத்திருப்பதில்லை. விண்ணப்பம் வர வரப் பார்த்து இடங்களை நிரப்பிக்கொண்டே போகும். உங்கள் வகுப்போ செப்டம்பர் கடைசியில்தான் ஆரம்பிக்கும்.

நான் அங்கே படிக்கப் போனபோது இதைச் சொல்ல ஆளில்லை. அறை தேடி, வங்கிக் கணக்கு திறந்து, நவம்பரில் விண்ணப்பிக்க உட்கார்ந்தால் நான் ஆசைப்பட்ட இடங்களில் பாதி மூடியிருந்தன. தவறவிட்ட அந்த இரண்டு மாதங்களை ஈடுகட்ட எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. உங்களுக்கு அது நேரக் கூடாது. லண்டன் போவதென்றால் ஜூலைக்குள் சி.வி தயாராக வேண்டும், ஆன்லைன் எண்திறன் தேர்வுகளில் பயிற்சி வேண்டும், "ஏன் இந்த வங்கி?" என்று கேட்டால் சொல்வதற்கு உங்கள் சொந்தப் பதில் வேண்டும். விமானம் ஏறும் முன்பே வேலை தேடத் தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது விசா. படிப்பு முடிந்தபின் பிரிட்டனில் தங்கி வேலை பார்க்கும் கிராஜுவேட் விசா மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு 2 வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். அதற்குள் உங்கள் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் கிடைக்க வேண்டும். ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டிஷ் அரசே வெளியிடுகிறது. உங்கள் கனவு நிறுவனங்கள் அதில் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள்.

அமெரிக்கக் கடிதத்தில் நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு எண்: படிப்பின் குறியீடு. படிப்பு முடிந்ததும் அங்கே எல்லோருக்கும் 12 மாத ஓ.பி.டி, அதாவது மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி, உண்டு. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பென்றால் கூடுதலாக 24 மாதம். பொதுவான ஃபைனான்ஸ் படிப்பின் குறியீடு 52.0801; அது ஸ்டெம் பட்டியலில் இல்லை. ஃபைனான்ஷியல் மேதமேடிக்ஸின் 27.0305 இருக்கிறது. பட்டத்தின் பெயரில் 'ஃபைனான்ஸ்' என்று மட்டும் இருந்தாலும், சில பல்கலைக்கழகங்கள் அதை ஸ்டெம் குறியீட்டின் கீழ் நடத்துகின்றன. பெயரை வைத்து முடிவு செய்யாமல், மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் எந்தக் குறியீடு வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதன்பின் தேவைப்படும் வேலை விசாவான எச்-1பி-க்கான குலுக்கலில் வருடத்துக்கு 65,000 இடங்கள், அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு மேலும் 20,000. 3 வருடம் இருந்தால் அந்தக் குலுக்கலில் சில முறை பெயர் கொடுக்கலாம். 12 மாதம் மட்டுமென்றால் பெரும்பாலும் ஒரே முறைதான்.

என் கருத்து: குறியீடு 52.0801 என்று பதில் வந்தால் லண்டன். ஸ்டெம் குறியீடு என்று வந்தால், அந்தப் படிப்பின் கடந்த வருட மாணவர்களில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத எத்தனை பேருக்கு எங்கே வேலை கிடைத்தது என்று கேளுங்கள். மொத்த வேலைவாய்ப்பு சதவீதத்தைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதில் விசாவே தேவைப்படாத உள்ளூர் மாணவர்களும் அடக்கம்.

கேள்வி: லண்டன் பிசினஸ் ஸ்கூலின் மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஸுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். இந்த வருடம்தான் டிகிரி முடிக்கிறேன்.
– மாணவர், மதுரை

பதில்: அது வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான படிப்பு. கேம்பிரிட்ஜின் மாஸ்டர் ஆஃப் ஃபைனான்ஸும் அப்படித்தான். குறைந்தது 2 வருட அனுபவம் கேட்பார்கள். லண்டன் பிசினஸ் ஸ்கூலிலேயே புதிதாகப் பட்டம் முடித்தவர்களுக்கு மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஷியல் அனாலிசிஸ் என்று வேறொரு படிப்பு இருக்கிறது. அதைப் பாருங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் எந்தப் படிப்பானாலும் எத்தனை வருட அனுபவம் தேவை என்ற ஒரு வரியைத் தேடிவிடுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்கள். ஃபைனான்ஸுக்கும் அப்படியா?
– வாசகர், திருச்சி

பதில்: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஒவ்வொரு செமஸ்டரும் ஒரு சிறு தொகை கட்டினால் போதும். ஃபிராங்க்ஃபர்ட்டின் கோத்தே பல்கலைக்கழகம் இந்த வகை. ஆனால் அதே ஊரில் இருக்கும் ஃபிராங்க்ஃபர்ட் ஸ்கூல் ஆஃப் ஃபைனான்ஸ் தனியார் கல்லூரி, கட்டணம் அதிகம். ஊர்ப் பெயரைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. மன்ஹைம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ.

இலவசம் என்றாலும் கையில் பணம் காட்ட வேண்டும்: மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடியும் முடக்கப்பட்ட கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ. இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ் சான்றிதழும் கட்டாயம். அதற்கு நேரம் பிடிக்கும், முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள். பல பி.காம் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. புள்ளியியல், கணிதம், ஃபைனான்ஸ் ஒவ்வொன்றிலும் இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் எண்ணிப் பார்க்கும். 85 சதவீத மதிப்பெண் இருந்தும் இதனால் நிராகரிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள், தாராளமான அவகாசம். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம், ஆனால் அங்குள்ள பல வங்கி வேலைகளுக்கு ஜெர்மன் மொழி கேட்பார்கள். ஜெர்மன் மொழியைச் சரளமாகப் பேசும் பி2 நிலைவரை படிக்க மனமில்லையென்றால் ஜெர்மனியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: சிங்கப்பூரா, டப்ளினா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: சிங்கப்பூரில் உறவினர் வீடு, நம் சாப்பாடு, நம் மொழி எல்லாம் உண்டு. ஆனால் நிதித் துறையில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி வாங்க 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 6,200 சிங்கப்பூர் டாலர். வயது கூடக் கூட அதுவும் கூடும். அதோடு காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கிலும் தேற வேண்டும். அயர்லாந்தில் மாஸ்டர்ஸ் முடித்தவர்கள் 2 வருடம்வரை தங்கி வேலை பார்க்கலாம். டப்ளினில் முதலீட்டு நிதி நிர்வாக வேலைகளும் ஏராளம். முன் அனுபவம் இல்லையென்றால் டப்ளின்.

கேள்வி: மகனுக்கு பிரிட்டனில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டை அடமானம் வைத்து 40 லட்சம் கடன் வாங்க வேண்டும். எங்கள் ஏஜென்சி ஒரு பைசா வாங்காமல் எல்லா வேலையும் செய்து தருகிறது. துணிந்து இறங்கலாமா?
– தந்தை, நாகர்கோவில்

பதில்: ஐயா, ஏஜென்சி உங்களிடம் வாங்காவிட்டாலும் பல்கலைக்கழகத்திடம் கமிஷன் வாங்கும். அதில் சட்டவிரோதம் ஏதுமில்லை. ஆனால் கமிஷன் தராத கல்லூரியின் பெயரை அவர்கள் தாமாகச் சொல்வது அரிது. மகன் விண்ணப்பித்த எல்லாக் கல்லூரியும் ஏஜென்சி சொன்னதுதானா என்று முதலில் கேளுங்கள். ஆமாம் என்றால், பட்டியலில் இல்லாத இரண்டு கல்லூரிகளுக்கு அவரே நேரடியாக விண்ணப்பிக்கட்டும்.

இனி கடன். 10.5 சதவீத வட்டி, படிப்புக்கும் வேலை தேடவும் சேர்த்து ஒன்றரை வருடம் தவணை கிடையாது என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையும் தொடக்கத்திலேயே கைக்கு வந்தால், அந்தக் காலத்துக்குத் தனி வட்டியே சுமார் 6.3 லட்சம். அதைச் சேர்த்து 10 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 62,500 ரூபாய். விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு. அதையும் கணக்கில் எழுதுங்கள். பழைய வரிமுறையில் இருந்தால் கல்விக் கடன் வட்டிக்கு 8 வருடம்வரை விலக்கு உண்டு.

இப்போது மகனை உட்கார வைத்து ஒன்று கேளுங்கள். அங்கே வேலை அமையாமல் ஊர் திரும்பினால், சென்னையிலோ பெங்களூரிலோ கிடைக்கும் முதல் சம்பளத்தில் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா? உங்கள் ஓய்வூதியத்திலிருந்து எவ்வளவு சேர்த்தால் முடியும்? அந்தத் தொகையை உங்களால் தாங்க முடியுமென்றால் போகட்டும். முடியாதென்றால் கடனை 25 லட்சத்துக்குள் அடக்கும் கல்லூரியாகத் தேடுங்கள், அல்லது உதவித்தொகை கேட்டு ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். அந்த ஒரு வருடத்தில் அவர் இங்கே ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்த்து, முதலீட்டுத் துறைக்கான சி.எஃப்.ஏ தேர்வின் முதல் நிலையும் முடித்துவிட்டால், அடுத்த விண்ணப்பத்தில் அதற்கு மதிப்பு இருக்கும். கையெழுத்துப் போடும் முன் வீட்டம்மாவிடமும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வீடு அவருடையதும்தான்.