பெக்கோ பழகும் தம்பிக்கு

அன்புள்ள அக்கா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 19. சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. அம்மா கொழுந்து எடுக்கிறார். எனக்கு மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டப் பழக ஆசை. டவுனில் ஒரு முதலாளி, "இரண்டு வருடம் உதவிக்கு வா, பழக்கிவிடுகிறேன்" என்கிறார். ஒரு பயிற்சி நிலையம் பத்தே நாளில் சான்றிதழ் தருமாம். அதற்கு அம்மாவின் நகையை அடகு வைக்க வேண்டும். எதற்குப் போவது?

பொகவந்தலாவை வாசகர்

அன்புள்ள தம்பி,

நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பத்து நாளில் எந்த நெம்புகோல் எதற்கென்று தெரியும், கை பழகாது. எந்த நிலையத்துக்கும் பணம் கட்டும் முன், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, தருவது என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழா என்று பாருங்கள்.

முதலாளியிடம் போகலாம். என் அண்ணன் அப்படிப் பழகியவர்தான். கிரீஸ் அடித்தும் ஹைட்ரோலிக் எண்ணெய் பார்த்தும் நான்கு வருடம் ஓடியது. கையில் தாள் இல்லாததால் பெரிய வீதி வேலைகளில் அவரைச் சேர்க்கவில்லை. வேலையில் கற்றதையே சோதித்து என்.வி.கியூ. தரும் முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி உண்டு. பிறகு அதில்தான் வாங்கினார். நைட்டா எனும் அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபை அலுவலகத்தில் விசாரியுங்கள். முதல் நாளிலிருந்தே செய்த வேலையைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீதியில் ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது மண். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. மழை குடித்த மலை தானாகவே சரியும். அதன் அடியைச் செங்குத்தாக வெட்டினால், மேல் மண்ணைத் தாங்கி நிற்பதையும் நாமே எடுத்துவிடுகிறோம். எங்கள் லயத்துக்குப் பின்னால் பாதையை அகலப்படுத்த வந்தவர்கள் அப்படித்தான் வெட்டினார்கள். அடுத்த பெருமழையில் இரண்டு காம்பராக்களின் பின்சுவர் விழுந்தது. பகல் நேரம், எல்லோரும் மலையில் வேலைக்குப் போயிருந்ததால் உயிர் பிழைத்தோம். பெக்கோ ஓட்டியவர் கெட்டிக்காரர். ஒரு கல் உருளாமல் வெட்டினார். மேலே ஏறி, அங்கிருந்த வெடிப்பை மட்டும் பார்க்கவில்லை.

நீங்கள் ஏறிப் பாருங்கள், தம்பி. புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இதில் ஒன்று தென்பட்டாலும் பக்கெட்டைத் தரையில் இறக்கி எஞ்சினை நிறுத்துங்கள். முதலாளி ஏசினாலும் சரி, கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். வெட்டிய மண்ணைச் சரிவின் விளிம்பில் குவிக்கவும் வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்ததும் என்ன இயந்திரம் என்று எழுதுங்கள். அண்ணனிடம் கேட்டு, அதில் முதலில் எதைப் பழக வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா