படகை இழுத்துக்கொண்டு நெடும்பயணம் போகும்போது இரவில் எங்கே தங்குவது?

டெக்சஸின் ஹூஸ்டனிலிருந்து புளோரிடாவின் தென்கோடியில் இருக்கும் கீஸ் தீவுகள் வரை படகோடு போகிறேன், வழியில் இரண்டு ராத்திரி எங்கே தங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ட்ரெய்லரோடு இது உங்களுக்கு முதல் பயணம் என்று நினைக்கிறேன். அந்த வழியில் போகும் ஐ-10 நெடுஞ்சாலையில் 21 அடி படகை இழுத்துக்கொண்டு ஆறு வருடமாகப் போய்வருகிறேன், அதனால் சொல்கிறேன்.

அறை வாடகையை அப்புறம் பாருங்கள். வண்டி உள்ளே போய்த் திரும்பி வெளியே வர வழி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பிக்கப்பும் ட்ரெய்லரும் சேர்ந்தால் 45 அடி வரும். சாதாரண கார் நிறுத்தும் இடம் 18, 20 அடிதான்.

இரண்டாவது வருடம் அலபாமாவில் மொபீல் என்கிற ஊரில் ஓட்டல் போட்டிருந்தேன். முன்கூட்டியே போன் செய்து, ட்ரெய்லர் நிறுத்த இடம் உண்டா என்று கேட்டேன். "தாராளமாக இருக்கிறது" என்றார்கள். வழியில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் பாலத்து நெரிசலில் மாட்டி, போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. கட்டிடத்தின் பின்பக்கம் போனால் முட்டுச்சந்து. கடைசியில் குப்பைத்தொட்டி, இரண்டு பக்கமும் கார்கள். பன்னிரண்டு வயது மகன் டார்ச் அடித்து வழிகாட்ட, முக்கால் மணி நேரம் ரிவர்ஸ் எடுத்தேன். ஒரு காரிலும் உரசவில்லை, அதில் எனக்குப் பெருமைதான். வேறு வழியில்லாமல் வெளிச்சமே இல்லாத ஓர் ஓரத்தில் நிறுத்தினேன். காலையில் பார்த்தால் மீன் காட்டும் கருவியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மகன் தன் பிறந்தநாள் பணத்தையும் போட்டு வாங்கியது அது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதிலிருந்து, போனில் சொல்வதை நம்பாமல் கூகுள் மேப்பில் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்த பிறகுதான் அறை போடுகிறேன். கட்டிடத்தைச் சுற்றி வண்டி ஓடுமா, பஸ் நிற்கும் நீள இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்ற முடிந்ததையெல்லாம் அறைக்குள் கொண்டுபோய்விடுங்கள். ட்ரெய்லரை வண்டியோடு மாட்டும் ஹிட்சுக்குப் பூட்டு கட்டாயம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஓய்வுக்கு ஒதுக்கியிருக்கும் ரெஸ்ட் ஏரியாவில் சும்மா தூங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். டெக்சஸில் 24 மணி நேரம் நிற்கலாம், சரி. புளோரிடாவில் 3 மணி நேரம்தான். வால்மார்ட் கடை வாசலில் இரவு நிறுத்த விடுவார்களா என்பது கடைக்குக் கடை மாறும், மேனேஜரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். லாரிக்காரர்களின் இடத்தையும் பிடிக்காதீர்கள். சட்டப்படி ஓய்வெடுத்தே ஆக வேண்டியவர்கள் அவர்கள். பிள்ளைகள் இல்லாமல் போகிறவர்களுக்கு வேறு வழிகள் இருக்கலாம், நான் மறுக்கவில்லை.

வழியில் ஓர் இரவு நிறுத்தத்தான் இவ்வளவு பாடு என்றால், வீட்டிலும் நிறுத்த விடுவதில்லை. எங்கள் குடியிருப்புச் சங்கம், என் வீட்டு வாசலில் என் படகு 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அபராதக் கடிதம் அனுப்புகிறது. பக்கத்து வீட்டில் ஓடாத கார் ஒன்று மாதக்கணக்கில் நிற்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. நான் மாதாமாதம் பணம் கட்டி வேறொரு இடத்தில் படகை வைத்திருக்கிறேன். இது என்ன நியாயம்?

முதல் நாள் லூசியானாவின் லாஃபயெட்டில் கட்டாயம் நிறுத்தி, ட்ரெய்லர் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் உள்ளே சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே பார்த்துவிடுங்கள். அதைத் தாண்டினால் அட்சாஃபலாயா பாலம், 18 மைல் நீளம். நடுவில் நின்றுபோனால் படகோடு பெரும் பாடுதான்.