பனியில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு: ஹொக்கைடோ கேள்வி பதில்

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினாலே சிங்கப்பூரிலிருந்து நம்மவர்கள் பலர் ஜப்பானின் வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவுக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் இங்கே பிஐஇ விரைவுச்சாலையில் ஓட்டுகிறவருக்கு அங்கே என்ன கஷ்டம் என்று தோன்றும். குளிர்காலத்தில் அங்கே தொடர்ந்து ஓட்டி வருகிறவன் என்பதால் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த அளவு பதில் சொல்கிறேன்.

பொங்கோலிலிருந்து: அண்ணே, டிசம்பரில் 7 நாள் போகிறோம், இரண்டு பிள்ளைகள். சப்போரோ, வாக்கனை, அபாஷிரியில் கடல் பனிக்கட்டி, ஷிரெத்தோகோ மலைக் கணவாய், திரும்ப சப்போரோ. மேப்பில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான் காட்டுகிறது. சரியாக இருக்குமா?

சரியாக வராது தம்பி, தயவுசெய்து மாற்றுங்கள். முதலில், ஷிரெத்தோகோ கணவாய்ச் சாலையை நவம்பர் வாக்கில் மூடினால் ஏப்ரல் கடைசி வாக்கில்தான் திறப்பார்கள். அபாஷிரிக்குக் கடல் பனிக்கட்டி வருவது ஜனவரி கடைசியில், பிப்ரவரிதான் அதற்கு நல்ல மாதம். டிசம்பரில் போனால் வெறும் கடலைத்தான் பார்ப்பீர்கள்.

அடுத்தது வெளிச்சம். டிசம்பரில் சப்போரோவில் சூரியன் மாலை 4 மணிக்கே மறைந்துவிடும், கிழக்கே போகப்போக இன்னும் முன்னதாகவே. நாம் ஏழு மணிவரை வெளிச்சம் பார்த்துப் பழகியவர்கள், அதனால் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பலாம் என்று நினைப்போம், ஆனால் அங்கே அப்படிக் கிளம்பினால் கடைசி நூறு கிலோமீட்டரை விளக்கே இல்லாத வயல்வெளிச் சாலையில், இருட்டில், உறைந்த தரையில் ஓட்ட வேண்டி வரும். மேப் காட்டும் நேரத்தோடு பாதி நேரத்தையாவது கூட்டிக்கொள்ளுங்கள். பிற்பகல் 3 மணிக்குள் ஓட்டலில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

சப்போரோ, அசஹிகாவா, பிஏய், ஃபுரானோ, 7 நாளுக்கு இது போதும். அதிலும் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். பனிப்புயல் வந்தால் அந்த நாள்தான் உங்களைக் காப்பாற்றும். வராவிட்டால் பிள்ளைகள் பனியில் விளையாடட்டும். டயர், ஜாக்கெட், டயரில் மாட்டும் சங்கிலி என்று எல்லாரும் பொருள்களைப் பற்றியே கேட்கிறார்கள், என்னைக் கேட்டால் நெருக்கமான பயணத் திட்டம்தான் பனியைவிட ஆபத்து. அடுத்த ஊரில் காசு கட்டிவிட்டோமே என்று பனிப்புயலுக்குள் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பார்த்துப் பதியுங்கள்.

ஜூரோங்கிலிருந்து: சிங்கப்பூர் உரிமம் போதுமா?

போதாது. சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். அது, சிங்கப்பூர் உரிமம், கடப்பிதழ் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் குழந்தை இருக்கை கட்டாயம், கார் பதியும்போதே கேளுங்கள். அப்புறம், ரயில் தண்டவாளத்தைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும், தடுப்பு திறந்திருந்தாலும், வண்டியை முழுதாக நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். இது அங்கே சட்டம். நமக்குப் பழக்கமில்லாததால் சுலபமாக மறந்துவிடுவோம்.

தெம்பனிஸிலிருந்து: நான்கு சக்கர இயக்க வண்டி எடுத்தால் பயமில்லை என்கிறார்களே?

எடுங்கள், நல்லதுதான். ஆனால் அது வண்டியைக் கிளப்பவும் மேட்டில் ஏற்றவும்தான் உதவும். நிறுத்துவதற்கு உதவாது, ஏனென்றால் பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. உலர்ந்த தார்ச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போய்ப் பிரேக் அடித்தால் ஏறக்குறைய 8 மீட்டரில் நின்றுவிடலாம், அதே வேகத்தில் வழுக்கும் பனிக்கட்டியின் மேல் 60 மீட்டருக்கு மேல் போகும். இது பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் மட்டும்தான். குளிர்கால டயர் ஹொக்கைடோவில் வாடகைக் காரோடு பொதுவாக வந்துவிடும், இருந்தாலும் பதியும்போது ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அங் மோ கியோவிலிருந்து: எங்கே அதிகமாக வழுக்கும்? வழுக்கினால் என்ன செய்வது?

குளிர் கூடினால் வழுக்கலும் கூடும் என்று நினைக்காதீர்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும் நாள்தான் மோசம், பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். மைனஸ் 15இல் டயர் அதைவிட நன்றாகவே பிடிக்கும். போக்குவரத்து விளக்குச் சந்திப்புகளில் எல்லா வண்டியும் நின்று கிளம்பித் தரையைக் கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருக்கும், அங்கே கவனம். பாலங்கள் முதலில் உறையும். சுரங்கப்பாதைக்குள் தரை உலர்ந்திருக்கும், வெளியே வந்த உடனே பனி, எனவே வெளியேறும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். கறுப்பாக, ஈரமாகத் தெரியும் சாலை வெறும் ஈரம் என்று நம்ப வேண்டாம்.

பிரேக், ஆக்சிலரேட்டர், ஸ்டியரிங் மூன்றையும் மெதுவாகப் பயன்படுத்துங்கள், ஒரே நேரத்தில் இரண்டைச் செய்யாதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் திருப்புங்கள். வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, போக வேண்டிய பக்கம் பார்த்து ஸ்டியரிங்கை மெல்லத் திருப்புங்கள். அவசரமாக நிறுத்த வேண்டி வந்தால் பிரேக்கை அழுத்தியபடியே வைத்திருங்கள். கால் அடியில் அது துடிக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க வண்டி செய்யும் வேலை அது, பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: புயலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்? இதை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

இந்தப் பதிலை மட்டும் வண்டியில் வரும் எல்லாரும் படிக்க வேண்டும். 2013 மார்ச் தொடக்கத்தில் ஹொக்கைடோவில் அடித்த பனிப்புயலில் ஒன்பது பேர் இறந்தார்கள். நகாஷிபெத்சு ஊரில் பனியில் புதைந்த காருக்குள் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்து கிடந்தார்கள். யூபெத்சுவில் ஓர் அப்பா காரை விட்டு இறங்கி மகளோடு நடந்தார், மகளைத் தன் உடலால் மூடிக்காத்து அவர் இறந்துபோனார், மகள் பிழைத்தாள். அங்கேயே வாழ்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்.

புகைபோக்கியைப் பனி மூடினால் புகை காருக்குள் வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். எனவே மாட்டிக்கொண்டால் முடிந்தவரை எஞ்சினை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் இருங்கள். குளிர் தாங்காமல் எஞ்சினை ஓட்டியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் முதலில் புகைபோக்கியைச் சுற்றிப் பனியை அள்ளிவிட்டு, சிறிது நேரம் ஓட்டி, மறுபடி அணையுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும் என்று நம்ப வேண்டாம். கண்ணுக்கு எதுவும் தெரியாத புயலில் காரை விட்டு நடக்கவே கூடாது, பத்தடி தள்ளிப் போனாலே திரும்பும் வழி தெரியாது. அபாய விளக்கைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு 119ஐ அல்லது போலீஸுக்கு 110ஐ அழையுங்கள்.

இதற்காகவே சின்ன மண்வெட்டி, ஆளுக்கு ஒரு போர்வை, டார்ச், பவர் பேங்க், பிளாஸ்கில் வெந்நீர், பிஸ்கட் எல்லாம் எட்டும் இடத்தில் இருக்கட்டும். மண்வெட்டியைப் பின்பெட்டியின் அடியில் வைத்துவிட்டு மேலே நான்கு பெரிய பெட்டிகளை அடுக்கினால் அவசரத்துக்கு எடுக்க முடியாது.

வானம் தெளிவாக இருந்தாலும் காற்று தரைப்பனியைக் கிளப்பிச் சாலையை மறைத்துவிடும். அந்த ஊர்ச் சாலை ஓரத்தில் உயரமான கம்பங்களில் கீழ்நோக்கிய அம்புக்குறிகள் தொங்கும், அதுதான் சாலையின் விளிம்பு, அதைப் பார்த்து மெதுவாகப் போய் அடுத்த ஓய்விடத்தில் ஒதுங்குங்கள். நடுச்சாலையில் திடீரென்று நிறுத்தினால் பின்னால் வருகிறவர் மோதிவிடுவார்.

ஈசூனிலிருந்து: நாங்கள் சைவம். கிராமத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ஜப்பானியச் சூப்பிலும் குழம்பிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும், காய்கறி என்று எழுதியிருந்தாலும் கேளுங்கள். இங்கே முஸ்தபா கடையில் புளியோதரைப் பொடி, பருப்புப்பொடி, முறுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், சமையலறை உள்ள தங்குமிடமாகப் பாருங்கள், அரிசி அங்கேயே கிடைக்கும். பச்சைக் கறிவேப்பிலை, காய், பழம், எந்த இறைச்சிப் பொருளும் பெட்டியில் வேண்டாம், சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோக முடியாது.

பிடோக்கிலிருந்து: இரவில் வண்டியை எப்படி நிறுத்துவது? பெட்ரோல்?

கியரை பார்க்கில் போட்டால் போதும், சமதளத்தில் கைப்பிரேக் வேண்டாம், உறைந்து மாட்டிக்கொள்ளும். வைப்பரைத் தூக்கி நிறுத்திவிடுங்கள். காலையில் கூரைப் பனியையும் முழுதாகத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் பிரேக் அடிக்கும்போது மொத்தமாக முன்கண்ணாடியில் சரியும். பெட்ரோல் பாதியானதும் நிரப்புங்கள், சிற்றூர் நிலையங்கள் மாலையிலேயே மூடிவிடும். சாதாரண பெட்ரோலுக்குச் சிவப்புக் குழாய், பச்சை டீசல்.

செங்காங்கிலிருந்து: அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. அம்மாவுக்குக் காரைவிட நடைபாதைதான் ஆபத்து. பனிக்கான அடிப்பாகம் உள்ள காலணியை அங்கேயே வாங்கிக் கொடுங்கள், காரிலிருந்து இறங்கும் முதல் அடியில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழியில் மிச்சி-நோ-எக்கி என்ற சாலையோர ஓய்விடங்களில் கழிப்பறை இரவும் பகலும் திறந்திருக்கும், அவற்றை முன்பே குறித்து வையுங்கள். அசஹிகாவாவுக்கு மட்டும் என்றால் சப்போரோவிலிருந்து ரயிலே போதும்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: கிளம்பலாமா வேண்டாமா என்று காலையில் எப்படி முடிவு செய்வது?

முதல் நாள் இரவும் அன்று காலையும் வானிலை எச்சரிக்கையையும் சாலை மூடல் அறிவிப்பையும் பாருங்கள். ஓட்டல் வரவேற்பில் போகும் ஊரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அவர்கள் தயங்கினால் போகாதீர்கள். பலத்த காற்று எச்சரிக்கை இருந்தால் பனி பெய்யாவிட்டாலும் வயல்வெளிச் சாலை வேண்டாம். காரைத் திருப்பிக் கொடுக்கும் நாள் என்றால் வாடகை நிறுவனத்துக்குப் போன் செய்து நேரத்தை நீட்டிக்கக் கேளுங்கள். விமானம் ஏறும் நாளுக்கு முந்தின இரவே விமான நிலையம் இருக்கும் சித்தோசே பக்கம் வந்து தங்கிவிடுங்கள்.